முட்டில ஜவ்வு கிழிஞ்சிருச்சா? சரி, எந்த ஜவ்வு?

நம்ம ஊர்ல முட்டிக்கு என்ன ஆனாலும் ஒரே வார்த்தைதான், ஜவ்வு. பந்து விளையாடப் போன பையன் கால் மடங்கி விழுந்தா ஜவ்வு கிழிஞ்சிருச்சும்பாங்க, அறுபது வயசு அத்தைக்கு மாடிப்படி ஏற முடியலன்னா ஜவ்வு தேஞ்சிருச்சும்பாங்க, முதுகுவலின்னு போனா அங்கயும் ஒரு ஜவ்வு விலகியிருக்கும். எனக்கு இடது முட்டி போனப்ப பாக்க வந்த சொந்தக்காரங்க ஆளுக்கொரு கதை சொன்னாங்க. சித்தப்பா பையனுக்கு கபடில ஜவ்வு போய், பெல்ட் போட்டு ஆறு வாரத்துல சரியாயிடுச்சாம். மாமாவுக்கு காலேஜ் காலத்துல ஆபரேஷன் பண்ணி ஜவ்வையே எடுத்தாங்களாம், இன்னிக்கும் மழை வந்தா நொண்டுறார். பெரியப்பா மட்டும், "எனக்கும்தான்டா ஸ்கேன்ல கிழிஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்தான், நான் பாட்டுக்கு வயலுக்குப் போயிட்டு வரேன், நீ ஏன் பயப்படுற"ன்னார்.

மூணு பேரு சொன்னதும் நிஜம்தான், ஆனா மூணும் ஒரே விஷயம் இல்ல. முட்டிக்குள்ள நாம ஜவ்வுன்னு சொல்றது மூணு தனித்தனி சமாச்சாரம். ஒண்ணு லிகமென்ட், எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுற கயிறு. ரெண்டாவது மெனிஸ்கஸ், ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற திண்டு. மூணாவது கார்ட்டிலேஜ், எலும்பு முனையில வழவழன்னு பூசின மாதிரி இருக்கற குருத்தெலும்பு. வயசானா தேயறது இந்த மூணாவது, அதை இங்க விட்டுடறேன், அது தனிக் கதை. கிழியறது முதல் ரெண்டும்தான்.

ஏன் கிழியுதுன்னு புரியணும்னா முதல்ல முட்டிக்குள்ள எலும்பு எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும், இதைப் பாத்ததும் எனக்கே கொஞ்சம் பகீர்னு ஆச்சு. இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லுல குழவி உக்காந்த மாதிரி, குழிக்குள்ள உருண்டை, எலும்பே எலும்பைப் பிடிச்சுக்கும். முட்டில அந்த மாதிரி குழியே கிடையாது. தொடை எலும்பு கீழ வந்து ரெண்டு உருண்டையா முடியுது, அது உக்கார வேண்டிய கீழ்க்கால் எலும்போட மேல்பக்கம் கிட்டத்தட்ட தட்டை. உள்பக்கமாவது லேசா குழிவா இருக்கும், வெளிப்பக்கம் அதுவும் இல்ல, லேசா மேல குவிஞ்சு இருக்கும், அதாவது உருண்டை மேல உருண்டை. இதுல நம்ம மொத்த உடம்பு எடையும் நிக்குது, நின்னா பரவால்ல, ஓடுது குதிக்குது சட்டுனு திரும்புது. உடம்புலயே பெரிய மூட்டு இது, ஆனா எலும்போட வடிவத்தை மட்டும் நம்பினா ஒரு அடி கூட வைக்க முடியாது.

அடி உருண்டையான மண்பானைய சிமென்ட் தரையில வச்சா என்ன ஆகும்? ஒரே ஒரு புள்ளில நிக்கும், தொட்டா ஆடும். அதுக்குத்தான் அடியில வைக்கோல் புரிய வளையமா சுத்தி வைப்பாங்க, புரிமணைன்னு பேரு, எங்க ஆச்சி பிரிமணைன்னு சொல்லும். மெனிஸ்கஸ் அப்படியே அந்த புரிமணைதான். ஒவ்வொரு முட்டிலயும் ரெண்டு ரெண்டு இருக்கு, உள்பக்கத்துல ஒண்ணு, வெளிப்பக்கத்துல ஒண்ணு. உள்பக்கத்துது வாய் பிளந்த பிறை மாதிரி, வெளிப்பக்கத்துது கிட்டத்தட்ட முழு வட்டம். வெளி ஓரம் தடிப்பா, உள் ஓரம் போகப்போக மெலிசா ஆப்பு மாதிரி இருக்கறதால உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய அது நிரப்பிடுது, புள்ளில இறங்க வேண்டிய எடை பரந்து இறங்குது. கால் நேரா இருக்கறப்ப மூட்டுல இறங்கற எடையில பாதிக்குப் பக்கத்துல மெனிஸ்கஸ்தான் தாங்குது, முட்டிய 90 டிகிரி மடக்கினா அது 85 சதவீதம் வாக்குல போயிடுது. குத்த வச்சு உக்காரும்போது அது பின்பக்கமா எவ்வளவு நசுங்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

புரிமணைல இன்னொரு சூட்சுமம் இருக்கு. பானை எடை அழுத்தும்போது வளையம் வெளிய விரியப் பாக்கும், ஆனா புரி முறுக்கா சுத்தியிருக்கறதால விரியாது. மெனிஸ்கஸுக்குள்ள இருக்கற நாரும் அதே மாதிரி வட்டமாத்தான் ஓடுது, ரெண்டு நுனியும் கீழ்க்கால் எலும்புல ஆணி அடிச்ச மாதிரி பிடிச்சிருக்கும். அந்த நுனில ஒண்ணு அறுந்துருச்சுன்னா புரிமணைய ஒரு இடத்துல வெட்டி விட்ட கதைதான், பொருள் முழுசா அங்கயே இருக்கும், ஆனா விரிஞ்சு வெளிய போயிடும், எடை தாங்காது. இதுக்கு ரூட் டேர்னு பேரு, கடைசில இதுக்கு வர்றேன்.

இப்ப கயிறு. திண்டு இருந்தா மட்டும் போதாது, கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாத்தான் நிக்கும். முட்டிக்கு முக்கியமான கயிறு நாலு. உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல், நடுவுல ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டிக்கிட்டு ஏசிஎல், பிசிஎல். வெளிப்பக்கத்துத நீங்களே இப்ப தொட்டுப் பாக்கலாம், நாற்காலில உக்காந்து ஒரு கால் கணுக்கால எடுத்து இன்னொரு தொடை மேல போட்டுக்கோங்க, மேல கெடக்கற முட்டியோட வெளிப்பக்கத்துல விரலால தடவினா பென்சில் கனத்துக்கு ஒரு நரம்பு மாதிரி தட்டுப்படும், அதுதான் எல்சிஎல். உள்பக்கத்து எம்சிஎல் இப்படி கயிறா இருக்காது, பட்டையா நாடா மாதிரி இருக்கும், அதோட உள் அடுக்கு உள்பக்க மெனிஸ்கஸோட ஒட்டிக்கிட்டே இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். எல்சிஎல்லுக்கும் வெளிப்பக்க மெனிஸ்கஸுக்கும் அப்படி ஒட்டு கிடையாது, நடுவுல ஒரு தசைநார் பூந்து போகுது.

நடுவுல இருக்கற ரெண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்க இருக்கறதாலதான் அதுக்கு சிலுவைன்னு அர்த்தம் வர்ற லத்தீன் பேரு வச்சாங்க. ஏசிஎல் எப்படி ஓடுதுன்னு மனசுல நிக்கறதுக்கு ஒரு வழி, பேன்ட் முன் பாக்கெட்ல ரெண்டு கையையும் விடுங்க, உங்க விரல் எந்தப் பக்கம் சரிஞ்சு போகுதோ அதே சாய்வுலதான் அந்தந்தக் கால் ஏசிஎல் போகுது, மேல வெளிப்பக்கம் பின்னாடி ஆரம்பிச்சு கீழ உள்பக்கமா முன்னாடி வந்து பிடிக்குது. நீளம் மூணு சென்டிமீட்டருக்கு மேல கொஞ்சம், கனம் சுண்டுவிரல் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னாடி வழுக்கிப் போகாம பிடிக்கறது இதோட வேலை, கூடவே முட்டி முறுக்கறதையும் அடக்கும். பிசிஎல் அதுக்கு நேர் எதிர், கீழ்க்கால் பின்னாடி தள்ளப்படாம பிடிக்கும், இன்னும் தடியா பலமா இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், இதைச் சொல்லாம அடுத்ததுக்குப் போனா புரியாது. கால முழுசா நீட்டும்போது கடைசி கொஞ்ச டிகிரில கீழ்க்கால் எலும்பு லேசா வெளிப்பக்கம் திரும்பி பூட்டிக்கும், திருகாணிய கடைசி சுத்து இறுக்கற மாதிரி. அதனாலதான் பஸ் ஸ்டாப்ல அரை மணி நேரம் நின்னாலும் தொடை அவ்வளவா வலிக்கறதில்ல. மடக்கிட்டா பூட்டு திறந்துரும், அப்ப முட்டி திரும்பவும் செய்யும். உக்காந்து முட்டிய மடக்கி வச்சுக்கிட்டு பாதத்தை உள்ளயும் வெளியவும் திருப்பிப் பாருங்க, கீழ்க்கால் திரும்பும், நீட்டி வச்சா முட்டில இருந்து திரும்பாது. இந்த லேசா மடங்கின, பூட்டு திறந்த நிலைலதான் பாதி விபத்து நடக்குது.

என்னோடது ஷட்டில். ஞாயித்துக்கிழமை காலைல டபுள்ஸ், எதிர்ல இருந்தவன் எனக்கு பேக்ஹேண்ட் மூலைல தூக்கிப் போட்டான், பேக்ஹேண்ட் வராதவன் என்ன பண்ணுவான், பின்னாடி ஓடி தலைக்கு மேல சுத்தி எகிறி அடிச்சேன். எறங்கினது இடது கால் மட்டும். பாதம் கோர்ட்ல ஒட்டிக்கிச்சு, முட்டி உள்பக்கமா சரிஞ்சுது, உடம்பு இன்னும் திரும்பிக்கிட்டே இருந்துச்சு. டொப்புனு ஒரு சத்தம், பார்ட்னர் திரும்பி "ஸ்டிரிங் அறுந்துச்சா"ன்னு கேட்டான், அவ்வளவு தெளிவா கேட்டிருக்கு. யாரும் என்னைத் தொடல, நான் எதுலயும் மோதல.

வலது கைக்காரங்க ஷட்டில்ல ஏசிஎல் அறுத்துக்கறது நிறைய தடவை இப்படித்தான், பேக்ஹேண்ட் மூலைல அடிச்சுட்டு இடது கால்ல எறங்கும்போது. ஏசிஎல் காயத்துல பெரும்பங்கு அடுத்தவன் மேல படாம வர்றதுதான், எறங்கறது, சட்டுனு பிரேக் போடறது, வெட்டித் திரும்பறது. என்ன நடக்குதுன்னா, எறங்கற நொடியில தொடை முன்பக்கத்து பெரிய தசை வெடுக்குனு இழுக்கும், அது முட்டிச்சில்லு வழியா கீழ்க்கால் எலும்பை முன்னாடி இழுக்குது. முட்டி நல்லா மடங்கியிருந்தா தொடை பின்பக்கத்து தசை எதிர்ப்பக்கம் இழுத்து பேலன்ஸ் பண்ணும், ஆனா கிட்டத்தட்ட நேராவே எறங்கினா அதுக்கு அந்த கோணம் கிடைக்காது, மொத்த பாரமும் அந்த சுண்டுவிரல் கயித்துல. அது மேல உள்பக்கம் சரியறதும் முறுக்கறதும் சேந்தா முடிஞ்சுது. வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து ஆராய்ஞ்சவங்க, கால் தரையில பட்டு 40 மில்லிசெகண்ட் வாக்குலயே அறுந்துருதுன்னு சொல்றாங்க. மூளைக்கு சேதி போய் தசைக்கு ஆர்டர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், அதனால "பாத்து எறங்கியிருக்கலாம்ல"ன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம்தான் வரும். முன்னாடியே பழகியிருந்தாத்தான் உண்டு, அந்த நொடியில எதுவும் பண்ண முடியாது.

நெய்மார் ஞாபகம் இருக்கா, 2023 அக்டோபர் 17, உருகுவேக்கு எதிரா மான்டிவிடியோல நடந்த மேட்ச், முதல் பாதி முடியறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரெச்சர்ல அழுதுக்கிட்டே போனார். இடது முட்டி, ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் சேந்து. திரும்ப கிரவுண்டுக்கு வந்தது 2024 அக்டோபர் 21ல, ஒரு வருஷம் தாண்டி. நம்ம வினேஷ் போகட்டுக்கு 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் கால் இறுதில இதே மாதிரி முட்டி போய் மேட்லயே கதறினத டிவில பாத்தவங்க மறக்க மாட்டாங்க. கயிறும் திண்டும் ஒண்ணா போறது சகஜம், ஏன்னா ஏசிஎல் அறுந்த நொடியில கீழ்க்கால் எலும்பு முன்னாடி வழுக்கும், நடுவுல இருக்கற மெனிஸ்கஸ் நசுங்கும்.

எனக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி இளநி மாதிரி உப்பிடுச்சு. இது ஒரு முக்கியமான துப்பு, அன்னிக்கு எனக்குத் தெரியல. ஏசிஎல்லுக்கு ரத்தக்குழாய் இருக்கு, அறுந்தா மூட்டுக்குள்ளயே ரத்தம் கசியும், அதான் கொஞ்ச நேரத்துலயே வீக்கம். மெனிஸ்கஸ் மட்டும் தனியா கிழிஞ்சா ராத்திரி தூங்கி எழுந்து பாத்தா மறுநாள்தான் வீங்கியிருக்கும், ஏன்னா அதுல பெரும்பகுதிக்கு ரத்த ஓட்டமே இல்ல, வர்றது மூட்டு தண்ணி. டொப்புனு சத்தம், உடனே வீக்கம், ஆட்டத்தைத் தொடர முடியலை, இந்த மூணும் சேந்தா எக்ஸ்ரே என்ன சொன்னாலும் ஏசிஎல்ல சந்தேகப்படணும்.

எக்ஸ்ரேன்னதும் ஞாபகம் வருது. நான் முதல்ல போன இடத்துல எக்ஸ்ரே எடுத்துட்டு "எலும்புல ஒண்ணும் இல்ல, சாதாரண சுளுக்குதான்"னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. எலும்புல ஒண்ணும் இல்லதான், யார் இல்லன்னா, எக்ஸ்ரேல கயிறும் தெரியாது திண்டும் தெரியாது. வீட்டுல வேற தைலம் போட்டு நல்லா நீவி விட்டாங்க, உள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கின முட்டிய நீவி நீவி, நினைச்சா இப்பவும் பல் கூசுது. மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சு நடக்க ஆரம்பிச்சேன், சரியாயிடுச்சுன்னு நினைச்சு வண்டிய ஸ்டாண்ட் போட்டுட்டு சட்டுனு திரும்பினேன், முட்டி எங்கயோ நழுவி திரும்ப வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. நேரா நடந்தா ஒண்ணும் இல்ல, திரும்பினா நழுவும். நேரா நடக்க ஏசிஎல் அவ்வளவா தேவையில்ல, திரும்பத்தான் தேவை.

ஆர்த்தோ டாக்டர் ஸ்கேன் பாக்கறதுக்கு முன்னாடியே கையால கண்டுபிடிச்சுட்டார். படுக்க வச்சு முட்டிய லேசா, ஒரு 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால தொடைய பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கீழ்க்கால முன்னாடி இழுத்தார். முதல்ல நல்ல கால்ல பண்ணினார், கொஞ்சம் வந்து டக்குனு நின்னுச்சு, கயிறு விறைச்ச மாதிரி. "இப்ப பாருங்க தம்பி"ன்னு இடது கால இழுத்தார், வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு, நிக்கற இடமே இல்ல, பாத்துக்கிட்டிருந்த எனக்கே வயித்தைப் பிசைஞ்சுது. லாக்மன் டெஸ்ட்னு பேரு. அப்புறம் முட்டிச்சில்லுக்கு ரெண்டு பக்கமும் ஒரு பள்ளம் இருக்குல்ல, அங்க இருந்து பக்கவாட்டுல எலும்பு ரெண்டும் சேர்ற கோட்டைத் தடவிக்கிட்டே போனார், உள்பக்கம் பின்னாடி ஒரு இடத்துல அழுத்தினதும் கத்திட்டேன். "மெனிஸ்கஸும் போயிருக்கு போல"ன்னார். எம்ஆர்ஐ வந்து அதையேதான் சொல்லிச்சு, ஏசிஎல் முழுசா அறுந்திருக்கு, உள்பக்க மெனிஸ்கஸ் பின் கொம்புல, அதாவது அந்த பிறையோட பின்பக்க முனைல, கிழிசல்.

ஏன் உள்பக்கத்து மெனிஸ்கஸ்? முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, அது எம்சிஎல்லோட ஒட்டியிருக்கு, அதனால அதிகமா நகர முடியாது. வெளிப்பக்கத்துது முட்டி மடங்கும்போதும் திரும்பும்போதும் வழுக்கி ஒதுங்கிக்கும், உள்பக்கத்துது மாட்டிக்கும். ஆனா இதுல ஒரு திருப்பம் இருக்கு. 1950ல அமெரிக்க டாக்டர் ஓ'டோனஹ்யூ ஏசிஎல், எம்சிஎல், உள்பக்க மெனிஸ்கஸ் மூணும் சேந்து போற கூட்டணியப் பத்தி எழுதினது ரொம்ப பிரபலம், இன்னிக்கும் பாடத்துல இருக்கு. பின்னாடி ஆபரேஷன்ல உள்ள கேமரா விட்டுப் பாக்க ஆரம்பிச்சதும், புதுசா ஏசிஎல் அறுந்த முட்டில வெளிப்பக்க மெனிஸ்கஸ்தான் அதிகமா கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. உள்பக்கத்துது பெரும்பாலும் அப்புறமா கிழியும், ஏசிஎல் இல்லாத முட்டியோட மாசக்கணக்குல நடக்க நடக்க கீழ்க்கால் முன்னாடி வழுக்கறத தடுக்கற வேலை அதோட பின் கொம்பு மேல விழுந்துரும், அது அந்த வேலைக்குப் பிறந்தது இல்ல. என்னோடது அன்னிக்கே கிழிஞ்சுதா இல்ல வண்டி ஸ்டாண்ட்ல நழுவினப்ப கிழிஞ்சுதான்னு நான் டாக்டர்கிட்ட கேக்கல, கேக்க தைரியம் இல்ல.

மத்த கயிறுகள சுருக்கமா சொல்லிடறேன். முட்டியோட வெளிப்பக்கத்துல அடி விழுந்தா கால் உள்பக்கம் மடங்கும், உள்பக்கத்து எம்சிஎல் இழுபடும். கபடில ஒருத்தன் கணுக்கால பிடிச்சுக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தன் பக்கவாட்டுல வந்து மோதினா இதுதான், சித்தப்பா பையனுக்கும் இதுதான். பிசிஎல் நம்ம பைக் ஊர் காயம், மடங்கின முட்டி முன்பக்கமா தரையிலயோ கார் டேஷ்போர்டுலயோ இடிச்சா கீழ்க்கால் பின்னாடி தள்ளப்பட்டு அறுந்துரும். மல்லாக்கப் படுத்து ரெண்டு முட்டியையும் மடக்கி வச்சுப் பக்கவாட்டுல பாத்தா பிசிஎல் போன கால்ல முட்டிச்சில்லுக்குக் கீழ ஒரு பள்ளம் விழுந்து தொங்கற மாதிரி இருக்கும். எல்சிஎல் தனியா போறது கம்மி. எல்லாம் சேந்து போயி முட்டியே இடம் மாறினா அது வேற லெவல் அவசரம், ஏன்னா முட்டிக்குப் பின்னாடி பெரிய ரத்தக்குழாயும் பக்கத்துல நரம்பும் ஓடுது, ரத்தக்குழாய் போயிடுச்சுன்னா சில மணி நேரத்துல கால காப்பாத்தறதே பாடு. 2022 டிசம்பர் 30ல ரிஷப் பந்த் கார் விபத்துல வலது முட்டி இடம் விலகிப் போச்சுன்னு அவரே பேட்டில சொன்னார், 2024 மார்ச்ல திரும்ப பேட் பிடிச்சார்.

சரி, ஒருத்தனுக்கு பெல்ட்ல ஆறிடுச்சு எனக்கு ஏன் ஆறலன்னு கேட்டா பதில் ரத்தம்தான். எம்சிஎல் மூட்டுக்கு வெளிய, சதைக்கு நடுவுல இருக்கு, கிழிஞ்சா ரத்தம் உறையும், அந்த உறைஞ்ச ரத்தம்தான் ஒட்டற பசை, அதுமேல புது நார் வளரும். ஏசிஎல் மூட்டுக்கு நடுவுல வழுவழு திரவத்துல ஊறிக்கிட்டு இருக்கு, அறுந்த ரெண்டு முனையும் பசை பிடிக்கறதுக்குள்ள கழுவிட்டுப் போயிடும். மெனிஸ்கஸுக்கும் இதே கணக்கு. வெளி ஓரம் கால்வாசி வாக்குலதான் ரத்தம் வருது, உள் ஓரம் வெள்ளை வெளேர்னு, வரப்போரம் தண்ணி பாயும் நடு வயலுக்கு வராதுங்கற மாதிரி. வெளி ஓரத்துல நீளவாக்குல கிழிஞ்சா தையல் போட்டா பிடிக்கும், உள் ஓரத்துல கிழிஞ்சது தச்சாலும் பெரும்பாலும் பிடிக்காது, பிசிர வெட்டி விடுவாங்க. கிழிஞ்ச துண்டு வாளிக் கைப்பிடி மாதிரி எழும்பி நடுவுல மாட்டிக்கிட்டா கால நீட்டவே முடியாது, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

இதனாலதான் எனக்கு ஆபரேஷன் முடிஞ்சப்ப, மெனிஸ்கஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட வேற ஒருத்தனைச் சொல்லி "அவன் மறுநாளே நடந்தான், உனக்கு மட்டும் ஏன் ஊன்றுகோல்"னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்ல முடியாம முழிச்சேன். அவனுக்கு வெட்டி எடுத்தது, எனக்கு தச்சது. தச்சது ஒட்டற வரைக்கும் சில வாரம் முழு எடையும் போடக்கூடாது, 90 டிகிரிக்கு மேல மடக்கக்கூடாது. வெட்டினா சீக்கிரம் எழுந்துக்கலாம், ஆனா கடன் பின்னாடி வரும். 1897ல ஜான் பிளாண்ட் சட்டன்னு ஒரு பிரிட்டிஷ் சர்ஜன் மெனிஸ்கஸ் ஒண்ணுக்கும் உதவாத பழைய தசை மிச்சம்னு எழுதிட்டார், அப்புறம் ரொம்ப காலம் கிழிஞ்சா முழுசா எடுத்துப் போடறதுதான் வழக்கம். 1948ல ஃபேர்பேங்க்னு ஒருத்தர் அப்படி எடுத்த முட்டிகளோட எக்ஸ்ரேவ வரிசையா பாத்து எலும்பு இடைவெளி குறைஞ்சிருக்கு, ஓரத்துல எலும்பு முளைச்சிருக்குன்னு சொன்ன பிறகும் அந்த வழக்கம் சட்டுனு நிக்கல. எங்க மாமா அந்த வழக்கத்தோட வால்ல மாட்டினவர், புரிமணைய உருவிட்டு பானைய தரையில வச்சுட்டாங்க, முப்பது வருஷம் கழிச்சு குருத்தெலும்பு தேஞ்சு நொண்டுறார்.

ஏசிஎல் அறுந்தா ஆபரேஷன்தான்னு கண்ண மூடிக்கிட்டும் சொல்ல முடியாது. 2010ல வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வுல இளவயசு ஆட்கள் 121 பேர எடுத்து, பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதல்ல எக்சர்சைஸ், தேவைப்பட்டா அப்புறம் ஆபரேஷன்னு பிரிச்சாங்க. ரெண்டாவது குரூப்ல 59 பேர், ரெண்டு வருஷத்துல அதுல 23 பேருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, வலியும் நடமாட்டமும் ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி. எனக்கு திரும்பினாலே நழுவுச்சு, தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசலும் இருந்துச்சு, அதனால நான் பண்ணிக்கிட்டேன். அறுந்த ஏசிஎல்ல பெரும்பாலும் தைக்க மாட்டாங்க, எனக்குப் பண்ணின மாதிரி தொடை பின்பக்கத்துல இருந்து ரெண்டு தசைநார எடுத்து மடிச்சு புது கயிறா திரிச்சு எலும்புல ஓட்டை போட்டு மாட்டுவாங்க. அந்த புது கயிறு மாட்டின அன்னிக்கு நல்ல பலமா இருக்கும், அடுத்த ரெண்டு மூணு மாசத்துல பலம் இறங்கும், ஏன்னா பழைய செல் செத்து புது ரத்தக்குழாய் வளந்து மெதுவா லிகமென்ட்டா மாறணும். கொடுமை என்னன்னா வலி போய் நல்லாயிட்டோம்னு தோணறதும் சரியா அந்த மூணாவது மாசம்தான். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி கோர்ட்ல இறங்காதீங்கன்னு ஃபிசியோ தலைபாடா அடிச்சுக்கறது அதுக்குத்தான்.

பெரியப்பா விஷயம் பாக்கி இருக்கு. அவரோட ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பச் சொன்னேன். முதல்ல ரிப்போர்ட் படிக்கறப்ப ஒண்ணு, மெனிஸ்கஸ்ல கிரேடு 1, கிரேடு 2 சிக்னல்னு போட்டிருந்தா அது கிழிசலே இல்ல, உள்ளுக்குள்ள நைஞ்சிருக்குன்னு அர்த்தம், மேல்பரப்பு வரைக்கும் வந்த கிரேடு 3 தான் கிழிசல். இது தெரியாம கிரேடு 2வப் பாத்து அழுத ஆளுங்கள எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு கிரேடு 3, உள்பக்கம் பின் கொம்பு, நிஜமான கிழிசல்தான். ஆனா வயசு 64. அமெரிக்கால ஃப்ராமிங்ஹாம் ஊர்ல 50 வயசு தாண்டின 991 பேருக்கு முட்டி ஸ்கேன் எடுத்து 2008ல வெளியிட்டாங்க, மெனிஸ்கஸ் கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாசத்துல வலியே இல்ல. முடி நரைக்கற மாதிரி திண்டும் நையும், அதனால ஸ்கேன்ல கிழிசல் இருக்கறதும் வலிக்கு அதுதான் காரணம்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. ஃபின்லாந்துல 2013ல இன்னும் ஒரு படி மேல போயி, இந்த மாதிரி தேய்மானக் கிழிசல் இருந்த 146 பேர்ல பாதிப் பேருக்கு நிஜமா வெட்டி விட்டாங்க, மீதிப் பேருக்கு கேமரா மட்டும் விட்டுப் பாத்துட்டு ஒண்ணும் பண்ணாம தையல் போட்டு அனுப்பினாங்க, யாருக்கு எதுன்னு பேஷன்ட்டுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம்.

இதையெல்லாம் போன்ல சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னார். இல்ல பெரியப்பா, ஒரே ஒரு விஷயம், குத்த வச்சு உக்காந்துட்டு எழுந்திருக்கும்போது முட்டிக்குப் பின்னாடி திடீர்னு டொக்குனு ஒரு சத்தமும் சுருக்குனு வலியும் வந்தா, அது சாதாரண நைஞ்ச கிழிசல் இல்ல, அந்த நுனி ஆணி பிடுங்கிக்கிட்டதா இருக்கும், ரூட் டேர், அன்னிக்கு மட்டும் பொறுத்துக்கிட்டு வயலுக்குப் போகாதீங்க, அதுக்கு நல்ல சர்ஜன் இருந்தா திரும்ப எலும்போட கட்டலாம், விட்டுட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துல முட்டி மளமளன்னு தேஞ்சிரும், அதுவரைக்கும் குத்த வைக்கறத முடிஞ்ச அளவு குறைச்சுக்கோங்க, டாய்லெட்டுக்காவது வெஸ்டர்ன் போட்டுக்கோங்கன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஏன்டா, பின்னாடி இருக்கற பழச இடிச்சுட்டு வெஸ்டர்ன் வைக்க எவ்வளவு ஆகும்னு உனக்குத் தெரியுமா, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நடுவுல ஓட்டை போட்டு விக்கறானே, அது போதாதா?"ன்னார். போதும்னுதான் சொன்னேன்.